குத்துப்பையில் 45 நிமிடம்: உண்மையில் எத்தனை கலோரி?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெண், வயது 34, எடை 62 கிலோ. வாரத்தில் ஐந்து நாள், மாலையில் 45 நிமிடம் குத்துப்பைப் பயிற்சி செய்கிறீர்கள். ஆறு நிமிடம் கயிறு தாண்டுதல், பிறகு மூன்று நிமிடச் சுற்றுகள் எட்டு, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ஒரு நிமிட ஓய்வு, கடைசியில் ஏழு நிமிடம் உடலைத் தளர்த்துதல். கையில் கட்டிய கடிகாரம் சராசரி இதயத்துடிப்பு 160 என்றும், செலவான கலோரி 490 என்றும் காட்டுகிறது. இணையத்தில் கிடைத்த கணிப்பான் ஒன்றில் ‘குத்துச்சண்டை’ என்று தேர்ந்தெடுத்தால் 595 வருகிறது. பயிற்சிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி போட்டால் 256. இதில் எதை நம்பிச் சாப்பாட்டைத் திட்டமிடுவது என்று கேட்கிறீர்கள்.

விடையை முதலிலேயே சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் பயிற்சிக்கு மொத்தச் செலவு 230 முதல் 310 கலோரிக்குள் இருக்கும். அந்த 45 நிமிடம் நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய 46 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், பயிற்சியால் கூடுதலாகச் செலவானது 185 முதல் 260 வரை. சாப்பாட்டுக் கணக்கில் எழுத வேண்டியது இந்தக் கூடுதல் மட்டுமே. நீங்கள் 220 என்று எழுதிக்கொள்ளுங்கள். கடிகாரம் காட்டுவதில் பாதிக்கும் குறைவு என்பது ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதை நீங்களே உயர்த்தவும் முடியும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். (இங்கே கலோரி என்று நான் சொல்வதெல்லாம் கிலோகலோரி. உணவுப் பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் அதே அலகு.)

முதலில் அந்த 595. உழைப்பின் கடுமையைச் சொல்ல உடலியங்கியலில் ‘மெட்’ என்று ஓர் அலகு உண்டு. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்தான் ஒரு மெட். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் என்று அதைக் கணக்குக்காக நிர்ணயித்திருக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி என்பதும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே எடை, மெட், மணி நேரம் மூன்றையும் பெருக்கினால் கலோரி வந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் 1993இல் முதலில் தொகுத்து, அவ்வப்போது திருத்தி வெளியிடும் ஒரு பெரிய பட்டியலில் நடப்பது, துணி மடிப்பது, விறகு வெட்டுவது என நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு மெட் எண் இருக்கிறது. கலோரிக் கணிப்பான்களில் மிகப் பல இந்தப் பட்டியலில் இருந்தே எண்ணை எடுக்கின்றன.

அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் குத்துச்சண்டைக்கு மூன்று வரிகள் இருக்கின்றன. களத்துக்குள் சண்டை 12.8. துணையோடு பழகும் சண்டை 7.8. குத்துப்பை 5.5. உங்கள் கணிப்பான் முதல் வரியை எடுத்துக்கொண்டது. 62ஐ 12.8ஆல் பெருக்கி, முக்கால் மணி நேரத்துக்குப் போட்டால் 595 வருகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை மூன்றாம் வரியை எடுத்துக்கொண்டது. அதையே 5.5ஆல் பெருக்கினால் 256. ‘குத்துச்சண்டை ஒரு மணி நேரத்தில் 800, 900 கலோரியை எரிக்கும்’ என்று விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கிறோமே, 70 கிலோ ஆளுக்கு அந்த 12.8ஐப் பெருக்கிப் பாருங்கள், 896 வரும். களத்தில் எதிராளியோடு மோதுகிறவனுக்கான எண்ணைப் பைக்கு முன்னால் நிற்கிறவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்த எண்ணை நம்பிச் சாப்பிட்டுவிட்டு, ‘எனக்கு மட்டும் ஏன் எடை குறையவில்லை’ என்று மனம் உடைந்து பயிற்சியை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

களத்துக்கும் பைக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? பை திருப்பி அடிக்காது. களத்தில் ஒருவன் குத்தாமல் இருக்கும் நொடிகளிலும் விலகுகிறான், குனிகிறான், பின்வாங்குகிறான், எதிராளி சாய்ந்தால் அவன் எடையைத் தாங்குகிறான், பயமும் சேர்ந்துகொள்கிறது. பைக்கு முன்னால் இவை எதுவும் கட்டாயமில்லை. நாமாகச் செய்தால்தான் உண்டு. பட்டியலில் உள்ள 5.5 என்பது, தானாக அதிகம் செய்யாத சராசரி ஆளுக்கான எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட் முறையிலேயே இன்னொரு குறை இருக்கிறது. அடிப்படையாக வைத்திருக்கும் அந்த 3.5 எல்லோருக்கும் பொருந்துவதில்லை. 769 பேரை ஓய்வில் அளந்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில் சராசரி 2.6 மில்லிலிட்டர்தான் வந்தது. உடலில் கொழுப்பு விகிதம் கூடக் கூட இந்த எண் இன்னும் இறங்கும். ஆகவே எடை அதிகமுள்ளவர்களுக்கு இந்தப் பெருக்கல் இயல்பாகவே கொஞ்சம் தாராளமாக எண் கொடுக்கும். எடையைக் குறைக்க வருகிறவர்களுக்கே தாராளமான எண் போய்ச் சேருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிகாரம். கடிகாரம் ஆக்சிஜனை அளப்பதில்லை. அது துடிப்பைப் பார்த்து, உங்கள் வயது, எடை, பாலினம் மூன்றையும் சேர்த்து ஊகிக்கிறது. இதில் இரண்டு இடங்களில் பிழை நுழைகிறது.

ஒன்று, துடிப்பை எடுக்கும் இடம். நீங்கள் கையில் துணி சுற்றும் விதத்தை நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி மூன்று நான்கு தடவை, விரல் முட்டிகளைச் சுற்றி, மறுபடியும் மணிக்கட்டுக்கு. அதன்மேல் கையுறையின் பட்டையை இறுக்குகிறீர்கள். கடிகாரத்துக்கு அங்கே இடமில்லை, முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. கடிகாரத்தின் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ரத்தம் வந்து போகும் அலையைப் படிக்கிறது. ஒவ்வொரு குத்திலும் கை பாய்ந்து, மோதி, அதிர்ந்து திரும்புகிறது. கடிகாரம் தோலில் நழுவுகிறது, வியர்வை உள்ளே புகுகிறது. சில சமயம் குத்தின் தாளத்தையே துடிப்பின் தாளம் என்று அது எடுத்துக்கொண்டுவிடும். ஓடுவதற்கும் நடப்பதற்கும் நன்றாக வேலை செய்யும் கருவி இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் குறிகையை நேரடியாகப் படிப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வாங்க முடிந்தால் அதை வாங்குங்கள். மேற்கையில் கட்டும் பட்டைகூட மணிக்கட்டைவிட மேல்.

இரண்டாவது பிழை பெரியது. துடிப்பைச் சரியாக எடுத்துவிட்டாலும், துடிப்பில் இருந்து கலோரிக்குப் போகும் பாதை கரடுமுரடானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கைப்பட்டைகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. ஆனால் கலோரியில் மிக நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம். அதுவும் நடை, ஓட்டம், மிதிவண்டி போன்ற எளிய வேலைகளில்.

கடிகார நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. ஆனால் வெளிப்படையாகக் கிடைக்கும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. 2005இல் வெளியானது, உடற்பயிற்சி ஆய்வில் பரவலாகப் பயன்படுவது. அதில் உங்கள் வயது, எடை, 160 துடிப்பு ஆகியவற்றைப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 10.95 கலோரி, 45 நிமிடத்துக்கு 493. உங்கள் கடிகாரம் காட்டும் எண்ணுக்கு மிக அருகில் வருகிறது. அந்தச் சூத்திரம் ஓடுபொறியிலும் நிலைமிதிவண்டியிலும் அளந்து உருவாக்கியது. அதாவது காலால் உழைப்பவரின் துடிப்பு. கையால் உழைப்பவருக்கு அதே துடிப்பு வேறொன்றைச் சொல்கிறது.

இந்த இடம் முக்கியமானது, கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே அளவு ஆக்சிஜனைச் செலவழிக்கக் காலைவிடக் கைக்கு இதயம் அதிகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. கைத்தசை சிறியது, அது இறுகும்போது தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. குத்தும்போது மூச்சை அடக்குகிறவர்களுக்கு இன்னும் ஏறும். குத்துச்சண்டை அசைவுகளை வெவ்வேறு தாளத்தில் செய்யவைத்து அளந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. அதில் தாளம் கூடக் கூடத் துடிப்பு உச்ச அளவின் 85 சதவீதத்தில் இருந்து 93 சதவீதம் வரை போனது. ஆக்சிஜனோ உச்ச அளவின் 68 சதவீதத்தில் இருந்து ஏறக்குறைய 72 வரைதான் வந்தது. கிலோவுக்கு நிமிடத்துக்கு 27 முதல் 30 மில்லிலிட்டர் வரை. இதயம் முன்னால் ஓடுகிறது, கலோரி பின்னால் நடந்து வருகிறது. துடிப்பை மட்டும் பார்க்கும் கருவி இதயத்தோடு ஓடிவிடுகிறது.

அந்த 27 முதல் 30 மில்லிலிட்டரை 3.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.7 முதல் 8.5 மெட் வரும். பழகிய ஆட்கள், நிற்காமல், தாளத்தோடு செய்தபோது கிடைத்த எண் இது. ஆகவே குத்துப்பையில் உண்மையாக உழைக்கும் நேரத்துக்கு அடித்தளம் 5.5, மேல்தளம் 8.5 என்று வைத்துக்கொள்வது நியாயம். உங்கள் கணக்கை இப்போது பிரித்துப் போடலாம்.

கயிறு தாண்டுதல், நிதானமான வேகத்துக்குப் பட்டியலில் 8.8 மெட். ஆறு நிமிடத்துக்கு 55 கலோரி. பையில் எட்டுச் சுற்று, 24 நிமிடம். அடித்தளத்தில் 136, மேல்தளத்தில் 211. ஓய்வு எட்டு நிமிடம். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதால் அது உட்கார்ந்திருப்பதைப் போலாகாது. மூன்று மெட் என்று நானாக வைக்கிறேன், 25 கலோரி. கடைசி ஏழு நிமிடத் தளர்த்தலுக்கு 2.3 மெட், 17 கலோரி. கூட்டினால் 233 முதல் 308. எண்களை முழுமைப்படுத்தி 230 முதல் 310 என்று தொடக்கத்தில் சொன்னேன். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கையில் துணி சுற்றும் நேரம், தண்ணீர் குடிக்கும் நேரம், பக்கத்தில் இருப்பவரோடு பேசும் நேரம் எல்லாவற்றையும் ‘குத்துச்சண்டை 45 நிமிடம்’ என்று ஒரே வரியில் எழுதுவது. உங்கள் 45 நிமிடத்தில் குத்திய நேரம் 24 நிமிடம். சுற்றுகளை எண்ணுங்கள், மொத்த நேரத்தை எண்ணாதீர்கள்.

சரி, அந்த 136க்கும் 211க்கும் நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? குத்தின் வேகத்தாலும் எண்ணிக்கையாலும்தான் கலோரி தீர்மானமாகிறது என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒருநாள் குத்தையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலிம்பிக் தரத்து வீரர்கள் எழுவரின் நேர்க்குத்துகளை அளந்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். கை சராசரியாக நொடிக்கு 9.14 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்தக் குத்தின் பின்னால் செயல்படும் நிறை 2.9 கிலோ. பள்ளிக்கூடத்தில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தில் போட்டால் ஒரு குத்துக்கு 121 ஜூல். தசை எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாக மாறும். மற்றதெல்லாம் சூடு. ஆக உடலுக்கு ஆகும் செலவு 500 முதல் 600 ஜூல். ஒரு கலோரி என்பது 4184 ஜூல். அதாவது ஒலிம்பிக் வீரர் முழு பலத்தோடு ஏழெட்டுக் குத்து விட்டால் ஒரு கலோரி!

நாம் விடும் குத்துகள் அந்த ஆற்றலில் பாதி இருந்தால் பெரிது. நிமிடத்துக்கு 40 குத்து என்று வைத்தாலும் 24 நிமிடத்தில் 960 குத்து, ஏறக்குறைய 60 கலோரி. ஆனால் பையில் இருந்த நேரத்தின் கூடுதல் செலவு, ஓய்வுப் பங்கைக் கழித்த பின்னும், 110 முதல் 185 வரை வருகிறதே? மிச்சம் எங்கே போனது? கையைப் பின்னுக்கு இழுப்பதில், தோளை உயர்த்திக் காவல் பிடிப்பதில், இடுப்பைத் திருப்புவதில், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலில். இது துல்லியமான கணக்கல்ல, ஒரு கைக்கணக்கு. ஆனால் அது காட்டும் திசை சரியானது. கலோரியில் பெரும் பங்கு இரண்டு குத்துகளுக்கு நடுவே என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

என் கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பைகளில் இருவர் பயிற்சி செய்வார்கள். ஏறக்குறைய ஒரே எடை. ஒருவர் பையை ஓங்கி அறைவார். ‘தொம்’ என்று சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். பை ஆடிப் போய்த் திரும்பி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார், கைகள் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிடும், குதிகால் இரண்டும் தரையில் ஒட்டியிருக்கும். வந்ததும் மறுபடி ஓர் அறை. மற்றவரின் குத்தில் சத்தம் குறைவு. இடக்கை ஜாப் (விரைவான நேர்க்குத்து) இரண்டு, வலக்கை ஒன்று, உடனே இடப்பக்கம் அரையடி நகர்வார், பை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் சுற்றி வருவார், பை திரும்பும்போது பின்வாங்கி, அது நிற்பதற்குள் மறுபடி உள்ளே நுழைவார். முன்னங்காலின் குதிகால் ஒரு விரல்கடை உயரத்தில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். சட்டை முதலில் நனைவது ஓங்கி அறைபவருக்குத்தான். மூன்றாம் சுற்றில் ‘போதும்’ என்று பையைக் கட்டிப்பிடித்துக்கொள்பவரும் அவர்தான். ஆனால் எட்டுச் சுற்று முடிந்து பார்த்தால் ஆக்சிஜனை அதிகம் செலவழித்திருப்பவர் இரண்டாமவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலாமவரின் களைப்பு தோளின் களைப்பு. ஒரு சிறிய தசை தீர்ந்துபோனதால் வந்தது. தோள் எரிவதைக் கலோரி எரிவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டைக்குப் பழைய பரம்பரைகள் உண்டு. அங்கே வளர்ந்த வாத்தியார்கள் புதிதாக வருகிறவனைப் பல நாள் பையைத் தொடவிடாமல் காலை மட்டும் பழக்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கலோரிக்காக அப்படிச் செய்யவில்லை, அடி வாங்காமல் இருக்க அப்படிச் செய்தார்கள். ஆனால் பலன் இரண்டுக்கும் ஒன்றே.

பையின் எடையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் எடையில் பாதி என்பது பொதுவாகச் சொல்லும் அளவு, உங்களுக்கு 30 கிலோ சரியாக இருக்கும். மிகக் கனமான பை மணிக்கட்டுக்குக் கேடு, மிக இலேசானது பறந்து போகும். கையுறை 12 அவுன்சா 16 அவுன்சா என்பதால் கணக்கில் பெரிய மாற்றம் வராது.

வியர்வையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மே மாதத்துச் சென்னையில், மின்விசிறி எட்டாத மூலையில் தொங்கும் பையில் 45 நிமிடம் குத்தினால் உடல் தொப்பலாக நனைந்துவிடும். எடை பார்த்தால் முக்கால் கிலோ, ஒரு கிலோ குறைந்திருக்கும். அது முழுக்கத் தண்ணீர். இரவு சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி ஆகும். அதை ஒரு மாலையில் எவராலும் எரிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. வியர்வை தோலில் இருந்து ஆவியானால்தான் உடலைக் குளிர்விக்கும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது 580 கலோரி அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கடலோர ஊரின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டிய துளி எந்த வெப்பத்தையும் எடுத்துப் போவதில்லை. அதனால் உடல் மேலும் சூடாகி, ரத்தம் தோலை நோக்கித் திரும்பி, அதே வேலைக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. கடிகாரம் அந்தக் கூடுதல் துடிப்பையும் கலோரியாக எழுதிக்கொள்கிறது. நவம்பரில் 430 காட்டிய அதே பயிற்சி மே மாதத்தில் 490 காட்டினால், நீங்கள் அதிகம் உழைத்தீர்கள் என்று பொருளில்லை. வெயில் அதிகம், அவ்வளவுதான்.

வியர்வை நிறைய வரட்டும் என்று பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு குத்துகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். 1997இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைப்பதற்காக இப்படி உடலைச் சூடேற்றி, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். எல்லோரும் பயிற்சி பெற்ற இளைஞர்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைகளைத் தடை செய்தார்கள்.

‘பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும்’ என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எரிவது உண்மை, அளவுதான் சிறியது. பயிற்சிக்கு ஆன கூடுதல் செலவில் 6 முதல் 15 சதவீதம் என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உங்கள் 220க்கு அது 13 முதல் 33 கலோரி. கடுமையாகச் செய்த நாளில் மேல் எண், இல்லாவிட்டால் கீழ் எண். தனியாகக் கூட்ட வேண்டாம், நான் சொன்ன வீச்சுக்குள் அடங்கிவிடும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். கடிகாரத்தின் 490க்கும் என் 220க்கும் வித்தியாசம் 270. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதாவது தோசைக்கல்லில் இரண்டேகால் மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக விழுந்ததற்குச் சமம். பார்த்தால் தெரியாது, சாப்பிட்டால் வயிறு நிறைந்ததாகவும் தோன்றாது. வாரத்தில் ஐந்து நாள் கடிகாரத்தை நம்பி ‘எரித்ததைத்தானே சாப்பிடுகிறேன்’ என்று ஈடுகட்டினால் வாரத்துக்கு 1350 கலோரி மிகுதியாகப் போகிறது. 7700ஆல் வகுத்தால் வாரத்துக்கு 175 கிராம் கொழுப்பு. குறைய வேண்டிய எடை குறையாமல் நிற்பதற்கு இது ஒன்றே போதும். மூன்று மாதமாக எடை நகரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உழைப்பிலோ மன உறுதியிலோ எந்தக் குறையும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் விடாமல் வருகிறவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. எண் தவறாக இருந்தது.

கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது உங்களை மற்றவரோடு ஒப்பிட உதவாது, போன வாரத்து உங்களோடு இந்த வாரத்து உங்களை ஒப்பிட உதவும். அதே கூடம், அதே நேரம், அதே எட்டுச் சுற்று என்று வைத்துக்கொண்டு சராசரித் துடிப்பை மட்டும் குறித்து வாருங்கள். இரண்டு மாதத்தில் அதே வேலைக்குத் துடிப்பு 160இல் இருந்து 150க்கு இறங்கினால் உங்கள் இதயம் வலுப்பெற்றிருக்கிறது. கடிகாரமோ அன்றைக்குக் குறைந்த கலோரி காட்டி உங்களைச் சோர்வடையச் செய்யும். அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

நான் சொன்ன 220கூட உங்கள் உடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நீங்களே சோதிக்கலாம். நான்கு வாரம் தினமும் காலையில், கழிப்பறை போய் வந்த பின், தண்ணீர் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஒருநாள் எடையைப் பார்த்துக் கவலைப்படாமல் வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். மாதவிடாய் நாட்களை ஒட்டி உடலில் நீர் தங்கி எடை ஏறும் என்பதால்தான் நான்கு வாரம் என்கிறேன், ஒரு முழுச் சுழற்சி உள்ளே வந்துவிடும். சாப்பாட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமாக எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். முதல் வாரச் சராசரிக்கும் நான்காம் வாரச் சராசரிக்கும் நடுவே மூன்று வார இடைவெளி இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் எடை மாறாவிட்டால், சாப்பிட்டதும் செலவழித்ததும் சமம். அரைக் கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 3850 கலோரி பற்றாக்குறை, 21 நாளுக்கு நாளொன்றுக்கு 180 சொச்சம். எந்தக் கருவியும் எந்தப் பட்டியலும் இதைவிட உண்மையான பதிலைச் சொல்லாது.

எண்ணை உயர்த்த வேண்டும் என்றால், சுற்றுகளைக் கூட்டும் முன் சுற்றுக்குள் இருக்கும் வெற்றிடத்தை நிரப்புங்கள். மூன்று குத்துத் தொடர் முடிந்ததும் நிற்காமல் ஒரு காலடி நகர்வது என்று ஒரே ஒரு பழக்கம். இதைச் சரியாகச் செய்தால் முதல் வாரம் மூன்றாம் சுற்றிலேயே மூச்சு முட்டும். அப்போது எட்டுச் சுற்றை ஆறாகக் குறைத்துக்கொள்ளலாம், தவறில்லை. சரியான அளவில் உழைக்கிறீர்களா என்று அறிய, சுற்று முடிந்து மணி அடித்ததும் உங்கள் வீட்டு முகவரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுதும் சொல்ல முடிந்தால் 5.5 பக்கம் இருக்கிறீர்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் 8 பக்கம்.

வரும் திங்கட்கிழமை ஒரு சுற்றை மட்டும் கைபேசியில் படம் பிடியுங்கள். ஐந்தாவது சுற்று நல்லது, களைப்பு தெரியத் தொடங்கும் நேரம். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை குத்துகளை எண்ணுங்கள். இரண்டாம் தடவை குத்துகளை விட்டுவிட்டு, கால் இரண்டும் அசையாமல் நின்ற நொடிகளை மட்டும் கூட்டுங்கள். 180 நொடியில் 90க்கு மேல் நின்றிருந்தால் உங்களுக்கு 5.5 என்றே கணக்கு வையுங்கள், 30க்குள் என்றால் 8 வைக்கலாம், நடுவே இருந்தால் 7. கைபேசியைச் சுவரோரம் தரையில் சாய்த்து வையுங்கள். பெரும்பாலானவர்கள் முகமும் கையும் தெரியும்படி வைத்து விடுகிறார்கள், இடுப்புக்குக் கீழே எதுவும் பதிவாவதில்லை.